சோம்பல் அணிக்குக் கிடைத்த வெற்றி

மைக் என் நெற்றிக்கு நேராக நின்றது. எனக்கு முன்னால் பேசியவர் ஆறடி உயரம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓடி வந்து அதைத் திருகி இறக்கினார். அது கீச்சென்று கத்தியதும் முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

என் கையில் நான்கு தாள்கள். நான்கும் வியர்வையில் ஒட்டி ஒரே தாளாகியிருந்தன. பந்தலுக்குள் சுண்டல் வாசனை. கடைசி வரிசைக்குப் பின்னால், என் மகள் அம்முவை இடுப்பில் வைத்துக்கொண்டு காவேரி நின்றிருந்தாள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்முவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். அம்மு எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டலாமா என்று யோசித்து, நடுவர் தவறாக நினைப்பாரோ என்று பயந்து, விட்டுவிட்டேன்.

“நடுவர் அவர்களே! ஏழைகள் சோம்பேறிகள். இதற்கு ஆதாரம் தேடி நான் எங்கும் அலையவில்லை. அவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும்” என்று ஆரம்பித்தேன்.

பலத்த கைதட்டல்.

சிரிப்பு வரும் என்று நான் தாளில் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்த இடம் அது. சிரித்தது ஒரே ஒரு குரல்தான். பந்தலின் கடைசியிலிருந்து வந்தது.

சூழ்நிலை ஃபுல்

காரிமங்கலத்தில் நாங்கள் குடியிருக்கும் நகரில் பொங்கல் விழா மாசி மாதத்தில்தான் நடக்கும். பொங்கலன்று எல்லோரும் அவரவர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். தை முழுக்கப் பந்தல்காரர் கிடைக்க மாட்டார். ஆகவே ஊரே கரும்பை மறந்த பிறகு நாங்கள் கோலப்போட்டி, உறியடி, பட்டிமன்றம் என்று ஆரம்பிப்போம்.

அந்த வருடம் அம்முவுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பட்டிமன்றத் தலைப்பு: வறுமைக்குப் பெரிதும் காரணம் சோம்பலே! சூழ்நிலையே!

செயலாளர் போன் செய்தார்.

“சங்கீதா, உனக்கு சோம்பல் போட்டிருக்கேன்மா. கோச்சுக்காத.”

“அண்ணா, எனக்கு சூழ்நிலை குடுங்கண்ணா.”

“சூழ்நிலை ஃபுல்லாயிடுச்சும்மா.”

அரூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். எல்லோருக்கும் சூழ்நிலை வேண்டும். அந்த அணியில் பேசினால் கண்ணீர் வரவழைக்கலாம். பேசி முடித்ததும் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். சோம்பலுக்கு ஆள் இல்லை. யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லும் வித்தை எனக்கு அன்றுவரை வந்ததில்லை. சரிங்கண்ணா என்றேன்.

போனை வைத்த பிறகுதான் கலக்கம் வந்தது. ஏழைகள் சோம்பேறிகள் என்று எப்படிப் பேசுவது? நாளைக்கு அம்மு பெரியவளாகி விழா வீடியோவைப் பார்த்தால்?

எங்கள் அணித் தலைவர் சண்முகம் அண்ணன். மனை போட்டு விற்பவர். (பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றியது போதுமா என்று இன்னும் கவலையாகத்தான் இருக்கிறது.) அவருக்கு எந்தக் கலக்கமும் இல்லை.

“நமக்கு ஈஸிம்மா. எல்லாத்தையும் சும்மா குடுத்துக் குடுத்து ஜனங்களைக் கெடுத்துட்டாங்க. அதை எடுத்து வுடு. கைதட்டல் பிச்சுக்கும்.”

நான் இ-சேவை மையத்தில் கணினி முன் உட்காரும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முந்தைய வருடம், இதே சண்முகம் அண்ணன், கார் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். மகளுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும்.

“வருமானத்துல ஒரு சைபரை எடுத்துடும்மா.”

“எடுக்க முடியாதுங்கண்ணா. வி.ஏ.ஓ. விசாரிப்பாருங்க.”

“நான் என்னா நெசமாவா ஏழையாவப் போறேன்? காகிதத்துல இருந்தா போதும்மா.”

அந்த வாக்கியம் என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஏழையாக இருப்பது கேவலம். ஏழை என்று எழுதிய காகிதம் மட்டும் வேண்டும்.

கொஞ்சம் சோகமா நில்லு

உண்மையைச் சொன்னால், சூழ்நிலை அணி கிடைத்திருந்தாலும் எனக்கு நிம்மதி இருந்திருக்காது. அதற்கும் ஒரு காரணம் உண்டு.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தபோது, எங்கோ பெரிய ஊரிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். எங்களுக்கெல்லாம் நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். போட்டோ எடுப்பவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மரத்தடியில் நிறுத்தினார்.

“பாப்பா, அந்த ரிப்பனை அவுத்துடு. தலையைக் கொஞ்சம் கலைச்சுக்கோ. கொஞ்சம் சோகமா நில்லு.”

பெரியவர்கள் சொன்னால் செய்துவிடுவது என் பிறவிக் குணம். முந்தின வாரம் செத்துப்போன எங்கள் கோழியை நினைத்துக்கொண்டு நின்றேன். “சூப்பர்! சூப்பர்!” என்றார். அதுவரை எதற்கும் யாரும் என்னை அவ்வளவு பாராட்டியதில்லை. வீட்டுக்குக் குதித்துக்கொண்டு போனேன்.

அடுத்த வருடக் காலண்டரில் அந்தப் போட்டோ வந்தது. கீழே ‘ஏழைக் குழந்தையின் ஏக்கம்’ என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குச் சொந்தக் கிணறு இருந்தது, தக்காளித் தோட்டம் இருந்தது. அம்மா காலண்டரைப் பார்த்துக் கொதித்துப்போனாள்.

“எண்ணெ வெச்சி, சீவி, ரெட்டை ஜடை போட்டு அனுப்புனேன். எம் புள்ளைய என்னாத்துக்கு இப்பிடி அநாதையாட்டம் நிக்க வெச்சிருக்கானுங்க?”

“வுடு. தேதி பாக்க ஆவுமில்ல” என்று அப்பா அதை ஆணியில் மாட்டினார்.

அம்மா விடவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, போட்டோவில் இருந்த என் தலைக்கு இரண்டு பெரிய ரிப்பன்கள் வரைந்தாள். நெற்றியில் பொட்டும் வைத்தாள். அந்த வருடம் முழுக்க நான் கண்களில் ஏக்கத்தோடும் தலையில் சிவப்பு ரிப்பன்களோடும் சுவரில் தொங்கினேன்.

அன்றிலிருந்து, ஏழைகளைத் திட்டுகிறவர்களைப் பார்த்தாலும் பயம், அவர்களுக்காக உருகுகிறவர்களைப் பார்த்தாலும் பயம்.

வஞ்சம் காணவில்லை

திட்டவும் முடியாது, உருகவும் முடியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. பத்தாம் வகுப்பில் படித்த வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வதுபோலப் பழிப்பது, பழிப்பதுபோலப் புகழ்வது. சோம்பேறிகள் என்று ஏழைகளைத் திட்டுவதுபோலத் திட்டி, அப்படித் திட்டுகிறவர்களின் தலையில் குட்டிவிட வேண்டும்.

எனக்கு அது வருமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். தமிழ் மிஸ் சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு எழுதச் சொன்னபோது நான் எழுதியது இது: ‘எங்கள் ஊர்ப் பேருந்து மிகவும் பொறுமையானது. யாரையும் அவசரப்படுத்தாது. மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கி இயற்கையை ரசிக்கவும் நேரம் தரும்.’

மிஸ் கீழே சிவப்பில் எழுதியிருந்தார்: ‘நல்ல வாக்கியங்கள். புகழ்ச்சி இருக்கிறது. வஞ்சம் காணவில்லை.’

என் அம்மாவுக்கு அந்த அணியின் பெயர் தெரியாது. ஆனால் விடிந்தால் அதில்தான் பேசுவாள். “எந்திரிச்சாச்சிங்களா மகராணி? பல்லக்கு அனுப்பட்டுங்களா?” என்பாள். ஒருநாளும் நாங்கள் வாசலில் போய்ப் பல்லக்கைத் தேடியதில்லை. அவள் முகமே சொல்லிவிடும். என் முகம் அப்படியில்லை. நான் பொய் சொன்னாலும் பள்ளிக்கூட உறுதிமொழிபோல இருக்கும்.

மெசினு ஒத்துக்கல

பேச்சை எழுத முடியாமல் நான் தவித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் காவேரி ரேஷன் கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

“நாலு வாட்டி வெரல வெச்சிப் பாத்தாங்கக்கா. மெசினு ஒத்துக்கல.”

“கண்ணை வெச்சுப் பாக்கலாமே?”

“அது ரிப்பேருங்களாம். நான்தான் காவேரின்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. பின்னாடி நின்ன முனியம்மா சொன்னாலும் நம்பல. வெரலு சொன்னாத்தான் நம்புமாம்.”

கட்டைவிரலைக் காட்டினாள். கரண்டியின் பின்புறம்போல மழமழவென்று இருந்தது. சாயங்காலம் எங்கள் வீட்டிலிருந்து போனதும் அவள் புளி தட்ட உட்காருவாள். ஓட்டை உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்கி, கூடைகூடையாகக் கொடுக்க வேண்டும். பத்து வயதிலிருந்து செய்கிறாள். புளிப்பு ஏறி ஏறி விரல்நுனியில் கோடு என்று எதுவும் மிஞ்சவில்லை.

“இனிமே நான் திருடவே போலாங்க்கா. போலீசு வந்து ரேகை எடுத்தாலும் மாட்ட மாட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் அம்முவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் நின்று, கேஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில், அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன். பேச்சின் மூன்றாம் தாள் அப்படித்தான் பிறந்தது.

தீர்ப்பு

மீண்டும் மேடைக்கு வருகிறேன். ஆரம்பத்திலேயே கைதட்டல் வந்து என்னைத் தடுமாற வைத்திருந்தது. எழுதியதைப் படிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“இந்த ஊரில் ஒரு சகோதரி இருக்கிறார். பகலில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கிறாராம். மாலையில் புளி தட்டுகிறாராம். எல்லாம் பாசாங்கு! உண்மையில் நாள் முழுக்கப் பாயில்தான் கிடக்கிறார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? படுத்துப் படுத்து, பாயில் உரசி உரசி, அவர் கட்டைவிரல் ரேகையே அழிந்துவிட்டது! ரேஷன் கடை இயந்திரத்துக்கே தெரிந்துவிட்டது, இவர் சோம்பேறி என்று!”

“கரெக்ட்டு!” என்று ஒரு குரல். யாரோ “அப்பிடியா?” என்று வியந்தார்கள். சில தலைகள் பின்னால் திரும்பின.

“நம் கைகளைப் பாருங்கள். ஏ.சி. அறையில் உழைத்து உழைத்து, நம் ரேகைகள் எவ்வளவு ஆழமாக இருக்கின்றன!”

முன்வரிசையில் நாலைந்து பேர் உள்ளங்கையைத் திருப்பிப் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள்.

“வருமானச் சான்றிதழில் மட்டும் ஏழையாக இருக்கச் சம்மதிக்கிறோமே, அந்தத் தியாகம் எந்த ஏழைக்காவது வருமா?”

முதலில் கைதட்டியவர் சண்முகம் அண்ணன்.

நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சூழ்நிலைக்குத்தான் தீர்ப்பு என்று முன்கூட்டியே எங்களிடம் சொல்லி வைத்திருந்தார். வழக்கமும் அதுதான். ஆனால் எழுந்து நின்று, “சங்கீதாவின் பேச்சு என் கண்ணைத் திறந்துவிட்டது. சோம்பலே!” என்று சொல்லிவிட்டார். எனக்கு ஹாட்பாக்ஸ் பரிசு. சண்முகம் அண்ணன் பொன்னாடை போர்த்தினார்.

மேடையை விட்டு இறங்கினேன். காவேரி அம்முவை என்னிடம் நீட்டினாள்.

“சுண்டல் சாப்ட்டுட்டா. வரேங்க.”

அவ்வளவுதான். எப்போதும் வாக்கியத்துக்கு ஒரு ‘அக்கா’ போடுகிறவள். அன்று ஒன்றுகூட இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். “என் பேச்சு எப்படிங்க?”

“உண்மையைப் புட்டுப் புட்டு வெச்சுட்ட.”

“அது கிண்டலுங்க.”

“எது?”

“எல்லாமே.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். “நானும் கை தட்டுனேனே!”

“எதுக்குத் தட்டுனீங்க?”

“பொண்டாட்டி பேசுறா, தட்டாம இருந்துட்டு வீட்டுக்கு வர முடியுமா?”

அதற்குள் சங்கத்து வாட்ஸப் குழுவில் வீடியோ வந்துவிட்டது. மேலே ஒரு வரி: ‘சோம்பேறிகளுக்குச் சவுக்கடி! அவசியம் பகிரவும்.’

திங்கட்கிழமை

காவேரி எட்டரைக்கு வருவாள். கடிகாரத்தை அவளைப் பார்த்துத் திருத்தலாம். அந்தத் திங்கட்கிழமை எட்டரைக்கும் வரவில்லை, ஒன்பதுக்கும் வரவில்லை. போன் அணைக்கப்பட்டிருந்தது.

அம்முவைத் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போனேன். ஒரு பெரியவரின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை நான் தட்டிக்கொண்டிருக்கும்போது, அம்மு கையை நீட்டி விசையை அழுத்தினாள். அவர் பெயருக்கு முன்னால் வரிசையாக ஏழெட்டு ‘க’ விழுந்தன.

“இருக்கட்டும் வுடும்மா. பாப்பா எனக்கு இனிசியல் போட்டிருக்குது” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு ‘க’வாக அழித்தேன். காவேரி இனி வராவிட்டால் என்ன செய்வேன் என்று காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவை வரச்சொல்லலாமா, வேலையை விட்டுவிடலாமா என்று. மத்தியானத்துக்கு மேல்தான் எனக்கே வெட்கமாக இருந்தது. அவளை இழந்துவிடுவேனோ என்று நான் பயப்படவில்லை. அம்முவைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விடுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அப்படியும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. அவள் சிரிப்பு இல்லாத என் அடுப்படியை நினைத்தாலும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அம்முவோடு அவள் தெருவுக்கு நடந்தேன். சந்தை கூடும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. வழியில் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினேன். வாங்கிய பிறகு, எதையாவது கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறாயா என்று மனசு கேட்டது. பன்னை அம்முவிடம் கொடுத்துவிட்டு, வஞ்சப்புகழ்ச்சிக்கு இலக்கணம் என்ன என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பாயில் படுத்திருந்தவள்

வீட்டு வரிசைக்கு முன்னால் புளி மலைமலையாகக் குவிந்திருந்தது. நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சின்னக் கட்டையால் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு பாய். பாயில் மல்லாந்து, கால்மேல் கால் போட்டு, காவேரி.

“வாங்க மேடம். எந்திரிக்க முடியல. சோம்பல்.”

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“உடம்பு சரியில்லையா காவேரி?”

“நல்லாத்தாங்க இருக்குது. ஊரே கூடித் தீர்ப்பு சொல்லிட்டாங்க, சோம்பேறின்னு. இத்தினி வயசுக்கு ஒரு நாளுகூட செஞ்சி பாக்காத தொழிலு. எப்பிடித்தான் இருக்குதுன்னு காத்தாலருந்து படுத்துப் பாக்கறேன்.”

“எப்பிடிடீ இருக்குது?” என்று பக்கத்து வீட்டு முனியம்மா எடுத்துக் கொடுத்தாள்.

“ரொம்பக் கஷ்டம். முதுகு நோவுது. தண்ணி புடிக்க ஒரு வாட்டி, சோறாக்க ஒரு வாட்டி எந்திரிச்சி ரெண்டு வாட்டி தோத்துட்டேன். பெரிய மனுசங்க எப்பிடித்தான் தெனமும் பண்றாங்களோ! கட்டவெரலயும் பாயில தேச்சிப் பாத்தேங்க. இருக்கற தோலுதான் எரியுது.”

நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். “காவேரி, அது வஞ்சப்புகழ்ச்சி. அதாவது, பழிக்கிற மாதிரி புகழ்றது. நான் உண்மையில—”

“அது எங்களுக்குத் தெரியாதுங்களா? பந்தல்ல மொதல்ல சிரிச்சது ஆரு?”

“நீதான்.”

“எப்ப நிறுத்துனேன்?”

எனக்குத் தெரியும். “கட்டைவிரல் வந்தப்போ.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கட்டைகளின் சத்தம் நின்றது.

“நீங்க அந்த சண்முகத்தைக் கிண்டல் பண்றீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. அவுருக்குப் புரியல. தட்டுனவங்களுக்கும் புரியல. ஆனா எல்லாரும் திரும்பிப் பாத்தது என்னை. அது என் வெரலுங்க. நான் சிரிச்சிகிட்டு உங்ககிட்ட சொன்னது. பட்டுப்பொடவை கட்டிகிட்டு மைக்குல சொல்றதுக்கு முன்னாடி, காவேரி இதச் சொல்லட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அது பொய்.

“கேக்கணும்னே தோணல, காவேரி.”

“தோணாதுங்க” என்றாள். இந்த வருடம் மழை இல்லை என்பதுபோல, சாதாரணமாகச் சொன்னாள்.

பிறகு எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கைகளைப் பிசைந்துகொண்டாள். என் குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

“‘காவேரி, இந்தப் புடவை பழசுதான், தப்பா நெனைச்சுக்காதே, ஆனா நல்லா இருக்கு, ஒரே ஒரு தடவைதான் கட்டுனேன், இல்ல ரெண்டு தடவை, புடிக்கலைன்னா சொல்லிடு, புடிக்கலைன்னாலும் பரவால்ல எடுத்துக்கோ, இல்ல வேண்டாமா? தப்பா நெனைச்சுக்கிட்டியா?’”

முனியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புளிக்குவியலில் சாய்ந்தாள். அம்மு பன்னைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். “அம்மா! அம்மா!” என்று காவேரியைக் காட்டினாள்.

பெற்ற பிள்ளையே சாட்சி சொன்ன பிறகு மறுக்க முடியுமா? எனக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. அவளுக்கு அணி இலக்கணம் சொல்லித்தர நான் போயிருந்தேன்!

“அந்த அக்கா மேட்டரையும் சொல்லுடீ” என்றாள் முனியம்மா.

“ஆமாங்க. எனக்கு ஆதார்ல விலாசம் மாத்துனப்ப நீங்களே பாத்தீங்க, நான் உங்களைவிட எட்டு மாசம் பெரியவ. ஆனா நான்தான் உங்களை அக்காங்கறேன். நீங்க என்னை வா, போங்கறீங்க. சொந்த வூடு கட்டுனா வயசும் சேந்து ஏறிடும் போலிருக்குது!”

அவள் சொன்னது உண்மை. அன்று அவள் பிறந்த தேதியைத் தட்டச்சு செய்தவளே நான்தான். பார்த்தேன், தட்டினேன், அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

“நான் குழுவுல எழுதிப் போட்டுடறேன், அது கிண்டல்னு” என்றேன்.

“வேணாங்க. சிரிப்பை வெளக்கிச் சொன்னா எழவு வூடாட்டம் ஆயிடும்.”

“அப்போ நான் என்ன செய்யட்டும்?”

“உக்காந்து புளி தட்டுங்க. நான் மிச்ச சோம்பலை முடிச்சிட்டு வரேன்” என்று மறுபடி பாயில் சாய்ந்துகொண்டாள்.

தட்டினேன். அரை மணி நேரத்தில் நகக்கண்ணில் நார் ஏறிவிட்டது. விரல்நுனி திகுதிகுவென்று எரிந்தது. “புளிய தூரப் போட்டுட்டுக் கொட்டையைக் கூடையில போடறாங்க பாரு! இவங்கதான் கம்ப்யூட்டர் பாக்கறவங்களாம்!” என்று முனியம்மா சத்தம் போட்டாள்.

இருட்டும் முன்பே கிளம்பினேன்.

“நாளைக்கு வருவியா… வருவீங்களா?”

அதற்கும் சிரித்தார்கள்.

“சோம்பல் இல்லைன்னா பாக்கலாங்க” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எட்டு நாற்பது

மறுநாள் எட்டு மணிக்கே கேட்டருகே போய் நின்றுவிட்டேன். குழுவிலிருந்து விலகிவிடலாமா, வீடியோவை எடுக்கச் சொல்லலாமா என்று நாலு வகையாகத் தீர்மானித்து நாலையும் கைவிட்டேன். எட்டரை ஆனது. தெரு வெறுமையாக இருந்தது. எட்டு முப்பத்தைந்துக்கு, விடுப்பு விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

எட்டு நாற்பதுக்கு முனை திரும்பி வந்தாள். நடையில் அவசரம் இல்லை.

“பத்து நிமிசம் சோம்பல். இனிமே தெனம் உண்டு” என்றாள்.

அம்மு என் கையிலிருந்து அவள் கைக்குத் தாவினாள்.

‘வாங்க’ என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் பழகவேண்டியிருந்தது. ‘சங்கீதா’ என்று கூப்பிட அவளுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சண்முகம் அண்ணனுக்கு இன்றுவரை அந்தப் பேச்சில் எதுவும் உறைக்கவில்லை. இந்த வருடமும் சோம்பல் மாதிரி ஏதாவது ஒரு தலைப்பில் பேச வரச்சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக முடியாது என்றேன். போனை வைத்த பிறகு, மரியாதைக் குறைவாகச் சொல்லிவிட்டேனோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

அனுப்பும் முன்

அம்மு இப்போது எல்.கே.ஜி. போகிறாள். மத்தியானம் அவளை அழைத்து வருவது காவேரிதான். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகைக்கு அனுப்ப எழுதிய இந்தக் கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அம்முவின் தலையைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

“உங்க பேரை மாத்திடட்டுங்களா?” என்றேன்.

“சண்முகத்துக்கு மாத்துனீங்களா?”

“மாத்திட்டேன்.”

“அவுருக்கு மாத்துங்க, மாட்டிக்குவாரு. நான் என்னா தப்பு பண்ணேன்?”

மூன்று முறை விரல் வைத்தார்கள் என்று எழுதியிருந்தேன். நாலு வாட்டி என்று திருத்தினாள். முனியம்மா இதைவிட நன்றாகத் திட்டினாளே, அது எங்கே என்று கேட்டாள். பத்திரிகையில் அதைப் போட மாட்டார்கள் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

பிறகு சீப்பை நிறுத்தினாள்.

“ரேசன் கடை வர்ற எடத்தை இன்னொரு வாட்டி படிங்க.”

படித்தேன்.

“அங்க ‘பாவம்’னு ஒரு வார்த்தை வருது.”

வந்தது. வெறும் பையோடு அவள் திரும்பி வந்த வரியில், அவள் பெயருக்கு முன்னால், நான் எழுதியதே எனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

“அன்னைக்கு எனக்குக் கோவந்தான் வந்துச்சி. பாவம் எல்லாம் இல்ல. அதை எடுத்துடுங்க.”

பேனாவை எடுத்து அடித்தேன். அடித்தது போதுமா என்று இன்னொரு முறை அதன்மேலேயே கோடு இழுத்தேன். தாளைத் திருப்பி அவளிடம் காட்டினேன். அவள் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, அந்த வரியை முழுக்கப் படித்தாள்.

“ம். இப்ப அனுப்புங்க” என்றாள்.